கல்கத்தாவில் மறைந்த சிக்காகோ வித்துவான்

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தின் எல்லையை ஒட்டி இருப்பது மணலி. இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் உரத் தொழிற்சாலைக்கும் பெயர் பெற்றுள்ள அவ்வூர், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சங்கீதத்துக்குப் பெயர் பெற்றிருந்தது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார், ராமசுவாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு வரவழைத்து ஆதரித்தார். முதலியாரின் மகன் வேங்கடகிருஷ்ண முதலியார் கிழக்கிந்தியக் கம்பெனியாரோடு தொடர்பு உடையவர். அவர் தீட்சிதரின் புதல்வர்களைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று, அங்கே முழங்கிய ஐரோப்பியப் பாண்டு வாத்தியத்தைக் கேட்கச் செய்தார் என்று சங்கீத வரலாறு கூறுகிறது. புதல்வருள் மூத்தவராகிய முத்துசுவாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் இயற்றினார். 'நோட்டுஸ்வர சாகித்தியங்கள்' என்று இன்றும் சிறுவர்களுக்குக் கற்பிக்கப்படுபவை அவையே. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் பிடிலைக் கற்று, அதனை நம் கச்சேரிக்கு உரிய வாத்தியமாக்கினார்.

இவ்வரலாற்றை நாம் பெருமையோடு சொல்லுகிறோம், சொல்லத் தக்கதே. ஆனால், கோட்டையில் நின்று அந்த மெட்டுகளை வாசித்தவர்கள் யார்? எந்த ஊரார்? எங்கே மடிந்தார்கள்? ஒருவர் பெயரும் நம் நினைவில் இல்லை. கேட்டவர் நிலைத்தார், கேட்பித்தவர் மறைந்தார். ஒரு நாட்டின் இசை மற்றொரு நாட்டுக்குச் செல்லும்போதெல்லாம் பெரும்பாலும் இதுவே நிகழ்கிறது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் மற்றொரு புதிய இசை நம் நாட்டுத் துறைமுகங்களில் வந்து இறங்கியது. 'ஜாஸ்' என்பது அதன் பெயர். அதைச் சுமந்து வந்தவர்களுள் தலையாய ஒருவரின் வாழ்க்கை நமக்குத் தெரியும். அவர் பெயர் டெடி வெதர்போர்டு, அமெரிக்கக் கறுப்பினத்தவர், பியானோ வித்துவான், நடன வாத்தியக் குழுக்களின் தலைவர். பம்பாயிலும் கொழும்பிலும் கல்கத்தாவிலும் குழு நடத்தி, 1945-ஆம் ஆண்டில் தம் நாற்பத்தொன்றாம் வயதில் கல்கத்தாவில் காலமானார். அவர் கதையைச் சிறிது விரிவாகக் காண்போம்.

முதலில் அந்த இசையின் இயல்பை அறிந்துகொள்ளுதல் நலம். அமெரிக்காவின் தென்பகுதியில், மிஸிஸிப்பி ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்துள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றது ஜாஸ். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள், தம் முன்னோரின் தாள உணர்ச்சியையும், வயல்வெளிப் பாடல்களையும், கிறிஸ்தவக் கோயில் கீதங்களையும், ஐரோப்பிய அணிவகுப்பு வாத்தியங்களையும் ஒன்றுகூட்டி இதனைப் படைத்தனர். நம் வித்துவான் ஒரு கீர்த்தனத்தை எடுத்துக்கொண்டு நிரவலும் கற்பனை ஸ்வரமும் செய்வதுபோல, ஜாஸ் கலைஞர் ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு தம் மனோதர்மப்படி அதனை வளர்த்துச் செல்வார். தாளம் பெரும்பாலும் நான்கு எண்ணிக்கை கொண்டது. ஆயினும் ஒவ்வோர் எண்ணிக்கையையும் இரண்டாகப் பகுக்கும்போது சமமாகப் பகுக்காமல், முன்கூறு நீண்டும் பின்கூறு குறுகியும் வருமாறு பகுப்பர். சதுஸ்ரத்துக்குள் திஸ்ரத்தின் சாயல் படிந்தாற்போன்ற அந்த ஊசலாட்டமே கேட்பவர் காலைத் தாமாக அசையச் செய்வது.

1920-ஆம் ஆண்டுக்குப் பின் இந்த இசை பெரிய நடன அரங்குகளுக்குள் புகுந்தது. அதற்கு ஏற்பக் குழுவும் விரிந்தது. ட்ரம்பெட், ட்ராம்போன் ஆகிய பித்தளைக் கருவிகள் ஓர் அணி. சாக்ஸபோன், கிளாரினெட் ஆகியவை மற்றோர் அணி. பியானோ, கிதார், பெரிய தந்திக் கருவியாகிய பாஸ், முரசுகள் ஆகியவை தாளத்தைத் தாங்கும் மூன்றாம் அணி. இவ்வாறு பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே சீருடையில் அமர்ந்து வாசிப்பர். இவர்களுக்குத் தலைவர் செய்யும் பணி, சதிர்க் கச்சேரியில் நட்டுவனார் செய்யும் பணியை ஒருவாறு ஒத்தது. காலப் பிரமாணத்தை நிர்ணயிப்பவர் அவரே. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, எவர் தனித்து வாசிப்பது, ஆடுவோர் களைத்தபோது எப்போது மெதுவான மெட்டுக்கு மாறுவது என்பவற்றையும் அவரே முடிவு செய்வார். இவற்றோடு, ஓட்டல் முதலாளியோடு ஒப்பந்தம் பேசுவதும், கலைஞர்களைத் தேடிப் பிடிப்பதும், சம்பளம் கொடுப்பதும், அவர்களுடைய பூசல்களைத் தீர்ப்பதும் அவர் தலைமேல் விழும். சங்கீதக்காரரும் வியாபாரியும் குடும்பத் தலைவரும் ஒருவரே ஆகவேண்டிய தொழில் அது.

டெடி வெதர்போர்டு 1903-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிறந்தார். பிறந்த ஊர் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள போகஹான்டஸ் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊர். பன்னிரண்டாம் வயது அளவில் நியூ ஆர்லியன்ஸுக்குச் சென்று, அங்கே பியானோ பயின்றார். பின்னர் சிக்காகோவை அடைந்தார். அக்காலத்தில் தென்மாநிலங்களின் கொடுமைக்கு அஞ்சியும் ஆலை வேலையை நாடியும் லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கே குடிபெயர்ந்துகொண்டிருந்தனர். அவர்களோடு அவர்களுடைய இசையும் சென்றது. சிக்காகோவின் தென்பகுதியில் வெண்டோம் என்றொரு சினிமாக் கொட்டகை இருந்தது. பேசாப் படங்களுக்கு நம் ஊர்க் கொட்டகைகளில் ஆர்மோனியமும் தபலாவும் பக்கபலமாக இருந்தன அல்லவா? வெண்டோமில் எர்ஸ்கின் டேட் என்பவரின் பெரிய வாத்தியக் குழுவே அப்பணியைச் செய்தது. அக்குழுவின் பியானோ கலைஞராக அமர்ந்தார் இளைஞர் வெதர்போர்டு.

அக்குழுவில் அவரோடு வாசித்தவர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங். பின்னாளில் உலகம் முழுவதும் ஜாஸ் என்றவுடன் நினைக்கும் பெயராக விளங்கியவர் அவரே. 1926-ஆம் ஆண்டு மே மாதத்தில் டேட் குழுவினர் பதிவு செய்த இசைத்தட்டின் இரு பக்கங்களிலும் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ட்ரம்பெட்டையும் வெதர்போர்டின் பியானோவையும் இன்றும் கேட்கலாம். இடக்கை ஆழ்ந்த ஸ்வரத்துக்கும் நடு ஸ்தாயிக்கும் மாறி மாறித் தாவித் தாளத்தைக் காக்க, வலக்கை அதன்மேல் விளையாடும் பாணி அவருடையது. அக்காலத்துச் சிக்காகோவில் அவருக்கு நிகரானவர் அரியர் என்று சக கலைஞர்கள் மதித்தனர். ஜாஸ் பியானோவின் தந்தை என்று பிற்காலத்தார் போற்றிய ஏர்ல் ஹைன்ஸும் தம் இளமையில் வெதர்போர்டைக் கேட்டு வியந்தவரே.

இத்தகைய நிலையில்தான் வெதர்போர்டு ஊரை விட்டுப் புறப்பட்டார். அதே 1926-இல் ஜாக் கார்ட்டர் என்னும் குழுத் தலைவர் கீழ்த்திசை நாடுகளுக்குக் கலைஞர்களைத் திரட்டினார். இருபத்து மூன்று வயது அளவினராகிய வெதர்போர்டு அவரோடு கப்பல் ஏறினார். ஏன் புறப்பட்டார் என்பதற்கு அவர் காலத்து அமெரிக்காவே விடை. கறுப்பினக் கலைஞர் ஓர் ஓட்டலில் இரவு முழுவதும் வாசிக்கலாம். அதே ஓட்டலில் அறை எடுத்துத் தங்க முடியாது. தென்மாநிலங்களில் ரயில் பெட்டியும் பள்ளிக்கூடமும் குடிநீர்க் குழாயும் நிறத்தின்படி பிரிக்கப்பட்டிருந்தன. கடல் கடந்த நாடுகளிலோ அமெரிக்க இசைக்குப் புதுமை மோகம் இருந்தது. சம்பளமும் மதிப்பும் மிகுதி. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. நியூயார்க்கிலும் சிக்காகோவிலும் இருந்தவர்களைத் தேடி இசைத்தட்டுக் கம்பெனிகள் சென்றன, பத்திரிகைகள் எழுதின, வரலாறும் அவர்களையே பதிந்துகொண்டது. ஷாங்காயில் வாசித்தவரைக் கேட்டவர்கள் அன்றிரவு ஆடி மகிழ்ந்து வீடு சென்றார்கள், அவ்வளவே.

ஷாங்காய் அக்காலத்தில் பன்னாட்டு வியாபாரிகளும் மாலுமிகளும் அகதிகளும் நிறைந்த நகரம். அங்கே வெதர்போர்டு பெரும் புகழ் பெற்றார். ஒரே இரவில் நான்கு அரங்குகளுக்கு மாறி மாறிச் சென்று வாசிப்பார் என்று அவரை நேரில் அறிந்த பக் கிளேட்டன் தம் நினைவுகளில் குறித்துள்ளார். இந்தக் கிளேட்டனைச் சீனத்துக்கு அழைத்துச் சென்றவரும் வெதர்போர்டே. 1934-இல் அமெரிக்காவுக்கு ஒருமுறை திரும்பி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் கிளேட்டனின் குழுவைத் தெரிந்தெடுத்து, ஷாங்காயின் கானிட்ரோம் என்னும் பெரிய நடன அரங்குக்கு அழைத்துவந்தார். அங்கே ஒரு வெள்ளை அமெரிக்கருக்கும் கிளேட்டனுக்கும் கைகலப்பு நேர்ந்து, அதன் விளைவாகக் குழு அவ்வரங்கை இழந்தது. கடலைக் கடந்தாலும் நிற வேற்றுமை பின்தொடர்ந்தே வந்தது. கிளேட்டன் 1936-இல் நாடு திரும்பி, கவுண்ட் பேஸி என்பவரின் குழுவில் சேர்ந்து பெரும் பெயர் பெற்றார். அழைத்துச் சென்றவரோ திரும்பவில்லை. மேலும் கிழக்கிலேயே தங்கினார்.

பம்பாயில் உள்ள தாஜ் மகால் ஓட்டல் திறக்கப்பட்டது, வெதர்போர்டு பிறந்த அதே 1903-ஆம் ஆண்டில். 1935-இன் இறுதியில் அவ்வோட்டலுக்கு லியான் அப்பே என்னும் வயலின் கலைஞர் முற்றும் கறுப்பினத்தவரைக் கொண்ட குழுவோடு வந்து சேர்ந்தார். அடுத்து, முதியவரும் பண்பட்டவருமான ட்ரம்பெட் கலைஞர் கிரிக்கெட் ஸ்மித் தலைமையில் ஒரு குழு அங்கே அமர்ந்தது. வெதர்போர்டு அதில் பியானோ வாசித்தார்; பின்னர்த் தலைமையும் அவரிடம் வந்தது. ஸ்மித்தின் குழு 1936-இல் பம்பாயில் பதிந்த இசைத்தட்டு ஒன்றில், அவ்வோட்டலின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாட்டு இடம் பெற்றது. அதை இயற்றியவர் பம்பாய்வாசியான மெனா சைலாஸ். அமெரிக்க இசை இந்தியப் பேனாவிலிருந்து பிறக்கத் தொடங்கியதற்கு அது சான்று. 1937-இல் வெதர்போர்டு பாரிசுக்குச் சென்று தனிப் பியானோத் தட்டுகள் சில பதிந்தார். அவர் கைவண்ணத்தைத் தெளிவாகக் காட்டும் பதிவுகள் அவை. ஐரோப்பாவில் தங்கியிருந்தால் பெயர் நிலைத்திருக்கலாம்; அவரோ மீண்டும் இந்தியாவுக்கே வந்தார்.

இந்த அரங்குகளில் ஆடியவர் யாவர்? ஆங்கில அதிகாரிகள், பார்சிச் செல்வர், சமஸ்தானாதிபதிகள் ஆகியோரே. ஆங்கிலேயரின் கிளப்புகள் பல, இந்தியரை வாயிற்படியில் ஏற்றாத காலம் அது. தம் நாட்டில் வாயிற்படியில் நிறுத்தப்பட்டவர் இந்நாட்டில் மேடைமேல் அமர, இந்நாட்டவர் தம் நாட்டிலேயே வாயிற்படியில் நிறுத்தப்பட்டனர். இந்த விபரீதத்தை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, துயரமும் வருகிறது. எனினும் இசை, கதவுகளுக்குள் அடங்கி நிற்பதில்லை. கோவாவிலிருந்து வந்த கிறிஸ்தவ இளைஞர்கள், தம் ஊர்த் தேவாலயப் பள்ளிகளில் மேல்நாட்டு ஸ்வரக் குறிப்பைப் படிக்கக் கற்றவர்கள், இக்குழுக்களை ஊன்றிக் கேட்டுக் கற்றனர். ரயில்வே ஊர்களில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் இந்த இசையைத் தமதாக்கிக்கொண்டன. திருவள்ளூருக்குக் கிழக்கே பெரம்பூரிலும் மேற்கே அரக்கோணத்திலும் ரயில்வே ஊழியர் வாழ்ந்த குடியிருப்புகள் இருந்தன. அங்கெல்லாம் ரயில்வே மன்றங்களில் சனிக்கிழமை இரவு பாக்ஸ்டிராட்டும் வால்ட்சும் ஒலித்தன. இசைத்தட்டுகளைக் கேட்டும், கப்பலில் வந்த அச்சிட்ட ஸ்வரத் தாள்களைப் பார்த்தும் வாசித்தவர்கள் அவர்கள்.

வெதர்போர்டு பின்னர்ச் சில காலம் கொழும்பில் குழு நடத்தினார். இரண்டாம் உலகப் போர் கிழக்கே பரவியபோது கல்கத்தாவை அடைந்து, சௌரிங்கி வீதியில் உள்ள கிராண்டு ஓட்டலில் குழுத் தலைவரானார். அவ்வோட்டலை அக்காலத்தில் நடத்தியவர் மோகன் சிங் ஓபராய். 1943-இல் அதனை அவர் விலைக்கே வாங்கினார். ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றிய பின் கல்கத்தா போர்முனைக்கு அருகிலுள்ள பெருநகரம் ஆயிற்று. 1942 டிசம்பரில் அதன்மேல் குண்டுகளும் விழுந்தன. அமெரிக்க, பிரிட்டிஷ் படைவீரர் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து குவிந்தனர். அஸ்ஸாமிலிருந்து சீனத்துக்கு மலைகளைக் குடைந்து லேடோ சாலையை அமைத்த அமெரிக்கப் படையினருள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். படைக்குள்ளேயே நிறத்தின்படி தனித்தனி அணியாக வைக்கப்பட்டிருந்த அவர்களுக்கு, வெதர்போர்டின் பியானோ தம் வீட்டுக் குரலாகவே கேட்டிருக்கும். அவர் குழுவின் வாசிப்பு அமெரிக்கப் படைகளின் வானொலியிலும் ஒலிபரப்பாயிற்று.

அந்தக் குழுவின் அமைப்பு எண்ணத்தக்கது. அமெரிக்கரான ராய் பட்லர் சாக்ஸபோன் வாசித்தார். ரங்கூனிலிருந்து போருக்குத் தப்பி வந்த செட்ரிக் வெஸ்ட் கிதார் வாசித்தார். பர்மாவிலிருந்து வந்த யூதரான ரூபன் சாலமன் கிளாரினெட் வாசித்தார். டார்ஜிலிங்கைச் சேர்ந்த நேபாளியரான புஷ்கர் பகதூர், ஜார்ஜ் பாங்க்ஸ் என்ற பெயர் பூண்டு ட்ரம்பெட் வாசித்தார். கப்பலில் சமையற்காரராக வந்த ஜிம்மி விதர்ஸ்பூன் என்னும் அமெரிக்க இளைஞர் கல்கத்தாவில் இறங்கியபோது இக்குழுவோடு பாடினார். பிற்காலத்தில் 'புளூஸ்' பாடகர்களுள் முன்னணியில் நின்றவர் அவர். நாடு இழந்தவரும், நிறத்தால் ஒதுக்கப்பட்டவரும், மலையிலிருந்து இறங்கியவரும் ஒரே காலப் பிரமாணத்தில் ஒன்றுபட்ட மேடை அது. நிறத்தின்படியும் குலத்தின்படியும் மனிதரைப் பிரித்து வைத்திருந்த அந்நாளில், அவர்களை ஒன்றாக உட்கார்த்தி வைத்ததே ஒரு குழுத் தலைவரின் பெருஞ்செயல் எனலாம்.

இக்குழு கல்கத்தாவில் கொலம்பியா கம்பெனிக்காகப் பல இசைத்தட்டுகளைப் பதிந்தது. அதிலும் ஒரு விந்தை உண்டு. 1942 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து அமெரிக்க வாத்தியக் கலைஞர் சங்கம் இசைத்தட்டுப் பதிவை நிறுத்தி வேலைநிறுத்தம் செய்தது. பெரிய கம்பெனிகளோடு உடன்பாடு ஏற்பட 1944 நவம்பர் வரை ஆயிற்று. மேலும், இசைத்தட்டு செய்வதற்கு இன்றியமையாத பொருள் அரக்கு. சோட்டா நாகபுரிக் காடுகளில் மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி உண்டாக்கும் அந்த அரக்கு இந்தியாவிலிருந்தே உலகுக்குச் சென்றது. போரினால் வரத்துத் தடைப்படவே, 1942-இல் அமெரிக்காவில் இசைத்தட்டுகளுக்கான அரக்கு கடுமையாகக் குறைக்கப்பட்டது. இவ்வாறு ஜாஸ் பிறந்த நாட்டிலே பதிவு நின்றிருந்த காலத்தில், அரக்கு விளையும் நாட்டிலே டெடி வெதர்போர்டு பதிந்துகொண்டிருந்தார். பக்கத்துக்கு மூன்று நிமிடமே ஓடிய அத்தட்டுகளுள் எஞ்சியவற்றை ஜாஸ் ஆர்வலர் இன்று தேடிச் சேர்த்துவைக்கின்றனர்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. கிராண்டு ஓட்டலில் இரவு தோறும் நடனம் நடந்த அதே 1943-ஆம் ஆண்டில், வங்காளம் பெரும் பஞ்சத்தில் வீழ்ந்தது. பஞ்சத்திலும் அதை ஒட்டிய நோய்களிலும் மாண்டவர் ஏறத்தாழ பதினைந்து லட்சம் என்று அரசாங்க விசாரணைக் குழு கணக்கிட்டது. முப்பது லட்சம் அளவில் இருக்கும் என்பது பிற்கால ஆய்வாளர் பலரின் முடிவு. கிராமங்களிலிருந்து சோறு தேடி வந்தவர்கள் கல்கத்தாவின் நடைபாதைகளிலேயே விழுந்து இறந்தார்கள். உள்ளே ட்ரம்பெட்டும் வெளியே கஞ்சிக்கு ஏங்கிய குரலும் ஒரே தெருவில் கேட்டன. இதற்கு வாத்தியக்காரர்மேல் பழி சுமத்துதல் பொருந்தாது. பஞ்சம் விளைந்தது போர்க்கால ஆட்சியின் முடிவுகளாலும் விலை ஏற்றத்தாலும் பதுக்கலாலும். வாசித்துப் பிழைத்தவர்களால் அன்று. ஆயினும் அந்த இசையைக் கேட்கும்போது இந்தச் சுவருக்கு அப்புறம் நடந்ததையும் நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

அந்தச் சுவரும் அவரைக் காக்கவில்லை. 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் தேதி வெதர்போர்டு வாந்திபேதியினால் உயிர் நீத்தார். கல்கத்தாவில் வாந்திபேதி மிகுவது பெரும்பாலும் அந்த இளவேனிற் பருவத்தில்தான். அசுத்தமான நீரின் வழியே குடலில் புகும் கிருமி, சில மணி நேரத்தில் உடலின் நீரையும் உப்பையும் வெளியேற்றிக் கொல்லும் நோய் அது. அக்கிருமியை ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் கண்டு நிறுவியது கல்கத்தாவில், 1884-இல். அக்கிருமி சுரக்கும் நஞ்சே நோய்க்குக் காரணம் என்று சம்புநாத் டே காட்டியதும் அதே நகரத்தில், 1959-இல். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகச் செய்தே பெரும்பாலோரைக் காப்பாற்றலாம் என்பதை, 1971-இல் வங்காள அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹாலனபிஸ் ஆயிரக்கணக்கானவரிடம் மெய்ப்பித்தார். வெதர்போர்டு இறந்தபோது அந்த எளிய மருந்து உலகுக்கு இன்னும் கிட்டவில்லை. அவர் மறைந்த பதின்மூன்றாம் நாள் ஐரோப்பாவில் போர் முடிவுற்றது. வீரர்கள் ஊர் திரும்பத் தொடங்கினர். ஊர் விட்டு வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்த குழுத் தலைவர் திரும்பவில்லை.

அவருக்குப் பின் அந்த இசை என்னவாயிற்று? 1947-இல் ஆங்கிலேயர் வெளியேறினர். பம்பாயிலும் சென்னை மாகாணத்திலும் மதுவிலக்கு வந்தது. நடன அரங்குகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. ஆனால் கற்ற வித்தை சும்மா இருக்கவில்லை. அது சினிமாவுக்குள் புகுந்தது. ஸ்வரக் குறிப்பு எழுதவும் படிக்கவும் வல்ல கோவாக் கலைஞர்கள் பம்பாய்ப் படங்களின் வாத்தியக் குழுக்களுக்கு முதுகெலும்பானார்கள். சிக் சாக்கலேட் என்று பெயர் பூண்ட ட்ரம்பெட் கலைஞர் அன்டோனியோ சேவியர் வாஸ், இசையமைப்பாளர் சி. ராமச்சந்திராவுக்கு உதவியாளராக விளங்கினார். அந்த ராமச்சந்திராவே 1958-இல் ஜெமினியின் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்துக்கு இசை அமைத்தவர். இவ்வாறு நடன அரங்கின் வாத்தியங்கள், எந்த நடன அரங்கின் வாயிலையும் மிதித்திராத தமிழ் மக்களின் செவிக்கு டூரிங் கொட்டகை வழியாக வந்து சேர்ந்தன.

மற்றொரு வழியும் உண்டு. அது நம் எல்லோருக்கும் மிக நெருங்கியது. கிராண்டு ஓட்டல் குழுவில் ட்ரம்பெட் வாசித்த ஜார்ஜ் பாங்க்ஸின் மகன் லூயி பாங்க்ஸ். ஆர்ம்ஸ்ட்ராங்கின் பெயரையே தந்தை தம் மகனுக்கு இட்டார். அம்மகன் இந்தியாவின் புகழ்பெற்ற ஜாஸ் பியானோ கலைஞராக வளர்ந்தார். 1988-ஆம் ஆண்டு தூர்தர்ஷனில் ஒளிபரப்பாகி, நாட்டின் பதினான்கு மொழிகளை ஒன்றாகக் கோத்த 'மிலே சுர் மேரா தும்ஹாரா' என்னும் பாட்டை நாம் மறக்க முடியுமா? பாலமுரளிகிருஷ்ணா தமிழ்ப் பகுதியைப் பாடிய அப்பாட்டுக்கு இசைக்கோப்பில் பெரும்பங்கு ஆற்றியவர் அந்த லூயி பாங்க்ஸ். சிக்காகோவில் ஆர்ம்ஸ்ட்ராங்கின் பக்கத்தில் அமர்ந்திருந்தவர், கல்கத்தாவில் ஒரு நேபாள இளைஞரைத் தம் பக்கத்தில் அமர்த்திக்கொண்டார். அவ்விளைஞரின் மகன் கைவண்ணம் நம் வீட்டு முற்றத்தில் ஒலித்தது. குரு பரம்பரை என்று நாம் சொல்வது இதைத்தானே?

வெதர்போர்டின் வாழ்க்கையைத் தோல்வி என்று கருதுவோர் உண்டு. சிக்காகோவிலேயே இருந்திருந்தால் ஹைன்ஸுக்கு இணையாகப் பேசப்பட்டிருப்பார் என்பர். இருக்கலாம். ஆனால் ஒரு குழுத் தலைவரை அளக்க வேண்டியது அவர் பெயர் எத்தனை நூல்களில் ஏறியது என்பதைக் கொண்டு அன்று. அவர் பக்கத்தில் அமர்ந்து வாசித்தவர்கள், அவருக்குப் பின் எதை எங்கே கொண்டு சேர்த்தார்கள் என்பதைக் கொண்டே அளக்கவேண்டும். அவ்வளவையால் பார்த்தால் அவர் குறைந்தவர் அல்லர்.

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் இரண்டு ரயில் பாதைகள் திருவள்ளூர் மாவட்டத்தின் வழியாகவே செல்கின்றன. திருவள்ளூர் வழியே செல்வது, அவர் வந்து அமர்ந்த பம்பாயாகிய இன்றைய மும்பைக்குப் போகிறது. கும்மிடிப்பூண்டி வழியே செல்வது, அவர் மறைந்த கல்கத்தாவாகிய இன்றைய கொல்கத்தாவுக்குப் போகிறது. நம் ஊர்க் கல்யாண ஊர்வலத்தில் பாண்டு வாத்தியக்காரர் ட்ரம்பெட்டை எடுத்து ஒரு சினிமா மெட்டை ஊதும்போது, அந்த ஒலி எத்தனை பேர் மூச்சைக் கடந்து இங்கே வந்து சேர்ந்தது என்று ஒரு கணம் எண்ணிப்பார்க்கலாம். மணலிக்கு இசை கொண்டுவந்தவர்களின் பெயரை நாம் இழந்துவிட்டோம். இவருடைய பெயராவது நமக்குத் தெரிந்திருக்கட்டும்.